கரிச்சாம்பல் சுவர்கள்

இங்கிலாந்தின் தெற்கு யார்க்‌ஷயரில் இருக்கும் பார்ன்ஸ்லியின் நகரச் சின்னத்தில், கேடயத்தின் இருபுறமும் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் சுரங்கத் தொழிலாளி, மற்றவர் கண்ணாடி ஊதுபவர். சுரங்கத் தொழிலாளிக்கு அந்த ஊரில் வேலையில்லாமல் போய் முப்பது வருடத்துக்கு மேலாகிறது. பார்ன்ஸ்லி மெயின், கிரைம்தோர்ப், ஹௌட்டன் மெயின் நிலக்கரிச் சுரங்கங்கள் எல்லாவற்றையும் 1990களின் தொடக்கத்திலேயே இழுத்து மூடிவிட்டார்கள். தொழிலாளிகளுக்காகக் கட்டிய வீடுகள் மட்டும் தெருத்தெருவாக அப்படியே நிற்கின்றன. லண்டன் விலையோடு ஒப்பிட்டால் மலிவு. அதனால் மருத்துவமனை வேலைக்கும் கிடங்கு வேலைக்கும் வந்து சேரும் நம்மவர்கள் பலருக்கு முதல் சொந்த வீடு இப்படி ஒரு கரி ஊரில்தான் அமைகிறது.

அந்த வீடுகளைச் சோதித்து அறிக்கை எழுதுவது என் பிழைப்பு. திருச்சியில் சிவில் படித்தவன். சர்வேயர் என்று சொன்னால் என் அம்மா இன்றுவரைக்கும் நான் சங்கிலி பிடித்து நிலம் அளக்கிறேன் என்றுதான் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் நிலத்தை அளப்பதில்லை. வாங்கப்போகிறவர் சார்பில் வீட்டுக்குள் போய், கூரையிலிருந்து சாக்கடை வரை பார்த்து, எது நோயாளி, எது ஆரோக்கியம் என்று எழுதிக் கொடுக்கிறேன்.

இந்த நாட்டில் வீட்டில் இருக்கும் குறையைக் கண்டுபிடிப்பது வாங்குபவரின் பொறுப்பு. விற்பவர் கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லக்கூடாது, அவ்வளவுதான். கேட்காததைத் தானாக எடுத்துச் சொல்லும் கடமை அவருக்குப் பெரிதாகக் கிடையாது. நம் ஆட்கள் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். “பேங்க்ல இருந்து ஆள் வந்து பாத்துட்டுப் போயிட்டாங்களே” என்பார்கள். பேங்க் அனுப்பும் ஆள், கொடுக்கும் கடனுக்கு வீடு தாங்குமா என்று பார்க்கிறவர். சில சமயம் வீட்டுக்கு வருவதே இல்லை, கணினியிலேயே மதிப்புப் போட்டுவிடுகிறார். அந்த மதிப்பீட்டை நம்பி வாங்கிய ஒரு பெண்மணியின் வழக்கு 1989இல் பிரபுக்கள் சபை வரை போனது. கீழே புகைபோக்கியின் அடிப்பகுதியை யாரோ இடித்து எடுத்திருந்தார்கள். மேலே மிச்சமிருந்த செங்கலுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறதா என்று மதிப்பிட வந்தவர் பார்க்கவில்லை. வாங்கிய பிறகு ஒருநாள் அந்தச் செங்கல் குவியல் சரிந்து படுக்கையறைக்குள் விழுந்தது. தீர்ப்பு அந்தப் பெண்மணிக்குச் சாதகமாகத்தான் வந்தது. ஆனால் படுக்கையறையில் செங்கல் விழுந்த பிறகு வரும் தீர்ப்பு யாருக்கு வேண்டும்?

சர்வேயில் மூன்று நிலைகள் உண்டு. முதல் நிலை மேலோட்டம். இரண்டாம் நிலை ஓரளவு புதிய, சாதாரண வீட்டுக்கு. மூன்றாம் நிலை பழைய வீடு, இடித்து மாற்றிய வீடு, சந்தேகமான வீடு ஆகியவற்றுக்கு. எங்கள் சங்கமான ஆர்ஐசிஎஸ் வகுத்த முறைப்படி ஒவ்வொரு உறுப்புக்கும் 1, 2, 3 என்று எண் போடுவோம்: பச்சை, மஞ்சள், சிவப்பு. பார்க்க முடியாமல் போன இடத்துக்கு ‘பார்க்கவில்லை’ என்று தனிக் குறி. வாங்குபவர்கள் சிவப்பை மட்டும் தேடிப் படிக்கிறார்கள். நான் என் வீடு வாங்கினால் முதலில் அந்தப் ‘பார்க்கவில்லை’ பட்டியலைத்தான் படிப்பேன். கம்பளத்தைக் கிழித்துப் பார்க்கவோ அலமாரியை நகர்த்தவோ எங்களுக்கு உரிமை இல்லை. கரி ஊரில் ஒரு நூற்றாண்டு வீட்டுக்குப் பணத்தை மிச்சம் பிடிக்க இரண்டாம் நிலை போதும் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி, வழக்கறிஞர் அனுப்பிய ஒரு காகிதத்தைப் பார்த்துப் பதறிப்போய் வருபவை. தஞ்சாவூர்ப் பக்கத்து நர்ஸ் ஒருவர் அப்படித்தான் கூப்பிட்டார்.

“அண்ணா, நாங்க பாத்த வீட்டுக்குப் பதினாலு மீட்டர்ல பழைய சுரங்கக் குழி இருக்குதாம். வக்கீல் ரிப்போர்ட் அனுப்பியிருக்காங்க. வீடு உள்ள போயிடுமாண்ணா?”

“பதறாதீங்கம்மா. அந்த ரிப்போர்ட்டை எனக்கு அனுப்புங்க. குழியை மூடியிருக்காங்களான்னு முதல்ல பாப்போம்.”

அந்தக் காகிதத்துக்கு கான் 29 எம் என்று பெயர். நம் ஊரில் வில்லங்கச் சான்று எடுத்து மனைமேல் யார் யாருக்குப் பாத்தியதை இருக்கிறது என்று பார்ப்போமே, அது மாதிரி நிலத்தடிக்கு எடுக்கும் வில்லங்கம் இது. வீட்டுக்கு அடியில் எப்போது, எவ்வளவு ஆழத்தில் கரி வெட்டினார்கள், எல்லையிலிருந்து 20 மீட்டருக்குள் செங்குத்துக் குழி ஏதும் உண்டா, சுரங்க வாயு பற்றிய பதிவு உண்டா, நிலம் இறங்கி இழப்பீடு கேட்டவர்கள் உண்டா என்றெல்லாம் அதில் இருக்கும். தகவல்களை வைத்திருப்பது மான்ஸ்ஃபீல்டில் உள்ள அரசு அமைப்பு. 1994 சட்டத்தால் உருவான நிலக்கரி ஆணையம் அது. 2024 நவம்பரில் சுரங்கச் சீரமைப்பு ஆணையம் என்று பெயர் மாறிவிட்டது. பிரிட்டனில் நாலில் ஒரு பங்கு வீடுகள் கரிவயல்களின் மேல்தான் நிற்கின்றன. இந்த ஆணையத்தின் பதிவேட்டில் 1 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுரங்க வாய்கள் இருக்கின்றன. ஆகவே 20 மீட்டருக்குள் குழி என்று வருவது இந்தப் பக்கத்தில் அதிசயமே இல்லை.

பதிவில் இல்லாத குழிகளும் உண்டு. கைவிட்ட சுரங்கத்தின் வரைபடத்தை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது 1872இல்தான். அதற்கு முன் இருநூறு முந்நூறு வருடம் தோண்டியவர்கள் யாருக்கும் சொல்லாமல் தோண்டிவிட்டுப் போய்விட்டார்கள். பார்ன்ஸ்லிக்குப் பக்கத்தில் சில்க்ஸ்டோனில், 1838இல் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து 26 குழந்தைகள் செத்த இடத்துக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. 1866இல் ஓக்ஸ் சுரங்க வெடிப்பில் 350க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். ஆட்களையே எண்ணி முடிக்காத காலத்தில் குழிகளை யார் எண்ணினார்கள்?

நெய்வேலியைப் பார்த்தவர்களுக்குச் சுரங்கம் என்றால் வானம் பார்த்துக் கிடக்கும் பெரும்பள்ளம். இங்கே அது கண்ணில் படாது. நிலத்தடி வேலையில் இரண்டு வகையை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். பழைய முறையில், கரியை வெட்டிக்கொண்டே போய்க் கூரையைத் தாங்க இடையிடையே கரித் தூண்களை விட்டுவிடுவார்கள். அந்தத் தூண்கள் எப்போது நொறுங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நூறு வருடம் கழித்தும் நொறுங்கலாம். மேலே இருக்கும் பாறையின் கனம், வெட்டிய கரிப்படுகையின் உயரத்தைப் போலப் பத்து மடங்காவது இல்லையென்றால் பொறியாளர்கள் முகம் சுளிப்பார்கள். இரண்டாவது, இருபதாம் நூற்றாண்டின் நீள்முகப்பு முறை. ஆழத்தில் ஒரு நீண்ட சுவர் போலக் கரியை முழுவதுமாக வழித்தெடுத்துக்கொண்டே முன்னேறி, பின்னால் கூரையைத் தானே விழவிட்டுவிடுவார்கள். போதிய அகலத்தில் 2 மீட்டர் கரியை எடுத்தால் மேலே நிலம் ஒன்றரை மீட்டருக்கும் அதிகமாக இறங்கக்கூடும். ஒரு தெருவே அலை மாதிரி முதலில் ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு மொத்தமாக இறங்கி நிற்கும். கேட்கப் பயங்கரமாக இருக்கிறது. ஆனால் வேலை முடிந்து சில வருடங்களில் அந்த இறக்கம் அடங்கிவிடும். வெட்டுவதை 1960களில் நிறுத்தியிருந்தால் அந்தக் கதை பெரும்பாலும் எப்போதோ முடிந்துவிட்டது.

குழிகள் வேறு சங்கதி. பழைய காலத்தில் குழியை மூடச் சொன்னால் கொஞ்ச ஆழத்தில் மரச்சட்டம் குறுக்கே போட்டு, அதன்மேல் கையில் கிடைத்த குப்பையையெல்லாம் கொட்டி நிரவிவிடுவார்கள். மரம் உளுத்ததும் எல்லாம் உள்ளே போகும். முறையாக நிரப்பிக் கான்கிரீட் மூடி போட்ட குழி என்றால் அந்தக் கவலை பெரும்பகுதி இல்லை. நர்ஸின் வழக்கறிஞரிடம் விளக்க அறிக்கை ஒன்று கூடுதலாக வாங்கச் சொன்னேன். குழியின் விட்டம், ஆழம், மேல்மண்ணின் கனம் எல்லாம் கணக்கிட்டு, குழி சரிந்தால் நிலம் எதுவரை நகரும், வீடு அதற்குள் வருகிறதா என்று அதில் சொல்வார்கள். வீடு வெளியே என்று வந்தது. நர்ஸுக்கு நிம்மதி. அந்த நிம்மதிதான் எனக்குக் கவலையாக இருந்தது. ஏனென்றால் நான் அந்த வீட்டை இன்னும் பார்க்கவில்லை, அவர் மனத்தளவில் குடியே போய்விட்டார்.

போய்ப் பார்த்தேன். 1950களில் கட்டிய வீடு. நூல் பிடித்த மாதிரி நேராக நிற்கிறது, புதிதாக வெள்ளையடித்து, தரையில் பளபளவென்று லேமினேட் பலகை. கூடத்தின் நடுவில் ஒரு கோலிக்குண்டை வைத்தேன். சமையலறைப் பக்கம் ஓடியது. எடுத்து மறுபடி வைத்தேன். இப்போது ஜன்னல் பக்கம் ஓடியது. வீடு சாய்ந்திருந்தால் குண்டு ஒரே திசையில்தான் ஓட வேண்டும். நடுவிலிருந்து நாலா திசைக்கும் ஓடினால் தரை நடுவில் உப்பியிருக்கிறது என்று அர்த்தம். உள்கதவுகளின் அடியை இழைத்திருந்தார்கள். வெளியே போய்ச் சுவரின் அடியில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால், ஈரத்தடுப்பு வரிக்குக் கிட்டே செங்கல் ஒரு விரல் கனத்துக்கு வெளியே தள்ளியிருந்தது.

இதுவும் கரிதான், ஆனால் கீழேயிருந்து வந்த கரி அல்ல. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அவசர அவசரமாக வீடு கட்டிய காலத்தில் தரைக்கு அடியில் நிரப்ப ஜல்லி வேண்டியிருந்தது. ஊரைச் சுற்றி மலை மலையாகச் சுரங்கக் கழிவு. அதிலும் தானே எரிந்து சிவந்துபோன களிப்பாறை கெட்டியாக, கையாள வசதியாக, விலையில்லாமல் கிடைத்தது. அள்ளிக் கொட்டி மேலே கான்கிரீட் போட்டார்கள். ஈரம் ஏறாமல் தடுக்க அடியில் பிளாஸ்டிக் விரிக்கும் பழக்கம் அன்று வரவில்லை. அந்தக் கழிவில் சல்ஃபேட் உப்பு அதிகம். மண்ணின் ஈரத்தில் கரைந்து மேலேறி சிமெண்டோடு சேர்ந்ததும் கான்கிரீட் வீங்குகிறது. இழுத்தடித்து, பத்து வருடம், இருபது வருடம், நாற்பது வருடம் வீங்குகிறது. நடுவில் உப்பி, ஓரத்தில் வெளிச்சுவரை நெட்டித் தள்ளுகிறது. தரையைத் துளைத்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால்தான் உறுதியாகத் தெரியும். தீர்வு ஒன்றுதான்: தரை முழுவதையும் பெயர்த்து, அடிநிரப்பை வாரிக் கொட்டிவிட்டு, சுத்தமான ஜல்லியும் பிளாஸ்டிக் விரிப்பும் போட்டுப் புதிதாக வார்க்க வேண்டும். குடித்தனக்காரர் வெளியே போய்த் தங்க வேண்டும். நான் சிவப்பு 3 போட்டேன்.

சுவரிலும் கரி உண்டு. சுண்ணாம்போடு ஆற்று மணலுக்குப் பதில் கொதிகலன் சாம்பலைச் சேர்த்துக் கட்டுவது இந்தப் பக்கத்துக் கொத்தனார்களுக்குப் பழக்கமாக இருந்தது. மலிவு. கலவை கருகருவென்று இருக்கும். இணைப்பைச் சாவியால் கீறினால் பொடியாக உதிரும். ஒற்றைச் சுவரில் அது பெரிய பாவம் இல்லை. நடுவில் இடைவெளி விட்டு இரண்டு அடுக்காகக் கட்டிய சுவரில்தான் வினை. அந்த இரண்டு அடுக்கையும் பிடித்திருப்பவை இரும்புப் பட்டைகள். சாம்பலில் உள்ள கந்தகம் அவற்றைச் சாதாரணக் கலவையைவிட வேகமாக அரிக்கிறது. துருப்பிடித்த இரும்பு பருத்துச் செங்கலைத் தூக்கும். அப்போது சுவரில் ஆறு வரிக்கு ஒருமுறை படுக்கைவாட்டில் ஒரு விரிசல் தெரியும், ஏனென்றால் பட்டை வைத்திருப்பது ஆறு வரிக்கு ஒருமுறை. நிலம் இறங்கினால் வரும் விரிசல் வேறு. அது ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி சாய்வாக ஏறும். இந்தப் படுக்கை விரிசலைப் பார்த்துவிட்டு “சுரங்கம் இழுக்குது சார்” என்று என்னிடம் சொன்னவர்கள் எத்தனையோ பேர். சுரங்கத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இந்தக் கருப்புக் கலவை இன்னொரு வேலையும் செய்யும். ஈரம் பார்க்கும் மின்கருவியை அதில் வைத்தால், கரித்துகள் மின்சாரத்தைக் கடத்துவதால், காய்ந்த சுவரும் நனைந்த சுவர் போல அலறும். ‘ஈரம் ஏறிவிட்டது, மருந்து ஊசி போட வேண்டும்’ என்று ஆயிரக்கணக்கில் பில் போடும் ஆட்களுக்கு இது வரம். கருவியை மட்டும் நம்பி ஈரம் என்று சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். பூச்சை முகர்ந்து, உப்புப் பூத்திருக்கிறதா என்று தடவி, வெளியே மண்மட்டம் ஈரத்தடுப்புக்கு மேலே ஏறியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்பவரே விஷயம் தெரிந்தவர்.

நிலம் இறங்கி உண்மையிலேயே சேதம் வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். கரிச் சுரங்கத்தால் வந்த சேதம் என்றால் 1991 சட்டப்படி பழுது பார்த்துத் தரவோ பணம் தரவோ ஆணையத்துக்குக் கடமை உண்டு. உரிமம் பெற்ற நிறுவனம் வெட்டிய இடத்தில் அந்த நிறுவனத்துக்கு. சேதம் கண்ணில் பட்டதிலிருந்து ஆறு வருடத்துக்குள் கேட்க வேண்டும். தோட்டத்தில் திடீரென்று பள்ளம் விழுந்தால் வேலி போட்டு ஆளை விலக்க ஆணையம் இரவு பகல் எந்நேரமும் வரும். ஆனால் மேலே சொன்ன சிவந்த கழிவுத் தரையும் சாம்பல் கலவையும் இந்தச் சட்டத்துக்குள் வராது. அவை கட்டியவரின் குறை. கட்டியவர் செத்துப் பல காலம் ஆயிற்று. செலவு முழுக்க உங்களுடையது. இதனால்தான் சுரங்கக் குழியைப் பார்த்துத் தூக்கம் கெடுபவர்களிடம் நான் தரையைப் பற்றிப் பேச்சை மாற்றுகிறேன். குழிக்கு ஒரு கேட்பார் இருக்கிறார்.

சுரங்க வாயு அரிது, ஆனால் விளையாட்டில்லை. ஸ்காட்லாந்தின் கோர்பிரிட்ஜில் பழைய சுரங்கத்திலிருந்து கரியமில வாயு புதிய குடியிருப்புக்குள் ஏறியதால் 64 வீடுகளை இடித்தே தீர வேண்டியதாயிற்று. அறிக்கையில் வாயு என்ற சொல் வந்தால் அதை என் மாதிரி ஆளிடம் விடாமல் அதற்கென்றே உள்ள பொறியாளரிடம் கொண்டுபோங்கள்.

நர்ஸ் குடும்பம் அந்த வெள்ளையடித்த வீட்டின் விலையைக் குறைத்துக் கேட்டது. ஒப்பந்தங்கள் கைமாறும் வரை இங்கே இரண்டு தரப்பும் விலகிக்கொள்ளலாம், ஆகவே சர்வேயை அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். விற்பவர் இறங்கி வரவில்லை. விலகிவிட்டார்கள்.

சில மாதம் கழித்து இன்னொரு வீட்டைக் காட்டினார்கள். முதல் உலகப்போருக்கு முன் கட்டிய ஒட்டு வீடு. மாடி ஜன்னல் இரண்டும் ஒரு பக்கம் சாய்ந்து, வாசல் நிலை பார்க்கவே கோணல். சுவரில் ‘எஸ்’ வடிவ இரும்புத் தகடு, உள்ளே கம்பி போட்டு இழுத்துக் கட்டியதன் அடையாளம். பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, நிலம் இறங்கியபோது தான் சிறுவன் என்றும், தன் தகப்பனார் கீழே கரி வெட்டிக்கொண்டிருக்கும்போதே மேலே தன் அம்மாவின் அலமாரிக் கதவு மூடாமல் போயிற்று என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார். அறிக்கையும் அதையே சொன்னது: கடைசியாக வெட்டியது 1960களில். விரிசல்களின் ஓரம் மழுங்கி, உள்ளே பழைய பெயின்ட் படிந்திருந்தது. கோணலான திறப்புக்குள் பிற்பாடு பொருத்திய புதிய ஜன்னல் சட்டம், பொருத்திய நாளிலிருந்து நூலளவும் அசையவில்லை. ஒன்பது அங்குல ஒற்றைச் சுவர், ஆகவே அரிக்க இரும்புப் பட்டையே இல்லை. சாம்பல் கலவை மட்டும் உதிர்ந்துகொண்டிருந்தது. சிமெண்ட் வைத்து அடைக்காமல் சுண்ணாம்புக் கலவையால் பூசச் சொல்லி மஞ்சள் 2 போட்டேன்.

“ஏண்ணா, நேரா நின்ன வீட்டை வேணாம்னு சொல்லிட்டு, கோணலா நிக்கிறதுக்கு சரிங்கறீங்க?” என்று நர்ஸின் கணவர் கேட்டார்.

“இது சாய வேண்டியதெல்லாம் சாஞ்சு முடிச்சிருச்சு, தம்பி. அது இன்னும் முடிக்கல.”

வாங்கிவிட்டார்கள். குடிபோன பிறகு ஒரே ஒரு யோசனை கேட்டார்கள், திரைச்சீலைக் கம்பியை எப்படி மாட்டுவது என்று. ரசமட்டம் வைத்து நேராக மாட்டாதீர்கள், ஜன்னலோடு சேர்த்துக் கோணலாகவே மாட்டுங்கள், இல்லாவிட்டால் வருகிறவர்கள் எல்லாரும் ஜன்னலைத்தான் பார்ப்பார்கள் என்றேன்.